காற்றை அளக்கச் சொன்ன கைவிளக்கு

'கைவிளக்கேந்திய காரிகை' என்றவுடன் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் உருவம் நம் மனக்கண்முன் வந்து நிற்கும். பள்ளிப் பருவத்திலேயே நாம் படித்துப் போற்றிய வாழ்க்கை அது. நள்ளிரவில், நோவால் துயிலாது கிடக்கும் போர் வீரர்களின் படுக்கைகளுக்கிடையே, மடிப்பு மடிப்பாகச் செய்த துருக்கிய விளக்கொன்றைக் கையிலேந்தி அவர் நடந்து சென்ற காட்சியை ஓவியர்கள் தீட்டினர், கவிஞர்கள் பாடினர். அன்பின் வடிவமாகவே உலகம் அவரைக் கண்டது. ஆனால் அந்த அன்புக்குப் பின்னால் ஓர் அளவுகோலும் இருந்தது என்பதைப் பலர் அறியார்.

இன்று மருத்துவமனை அறையின் வெப்பம், ஈரப்பதம், கரியமிலவாயு, ஒலி, ஒளி ஆகியவற்றை அளந்து, கம்பியின்றி வானலை வழியே செவிலியரின் மேசைக்கு அனுப்பும் சிறு கருவிகள் வந்துவிட்டன. இயற்பியலும் மின்னணுவியலும் பயிலும் மாணவர் பலர் இத்தகைய கருவியைத் தம் செயல்திட்டமாக எடுத்துச் செய்கின்றனர். அவர்கள் கையில் உள்ள சில்லுகள் புதியவை. அக்கருவி எதற்காக வேண்டும், எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணமோ பழையது. அதனை 1859-ஆம் ஆண்டிலேயே எழுத்தில் வடித்தவர் நைட்டிங்கேல் அம்மையார். அந்த எண்ணம் அவருக்கு எங்ஙனம் வந்தது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் வளர்ப்பும்

இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் 1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் அம்மையார் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. பெற்றோர் செல்வம் மிக்க ஆங்கிலேயர். தந்தை வில்லியம் எட்வர்டு நைட்டிங்கேல், பெண் மக்களுக்குக் கல்வி எதற்கு என்று கேட்ட காலத்தில், தம் இரு புதல்வியர்க்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு, மெய்யியல் எல்லாம் தாமே கற்பித்தார். இளையவரான பிளாரன்சுக்குக் கணிதத்தின்மீது தனிக் காதல். எண்களை வரிசைப்படுத்துவதும் பட்டியலிடுவதும் அவருக்குச் சிறு வயது முதலே இன்பம் தந்தன.

பதினாறாம் வயதில், 1837 பிப்ரவரியில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். நோயாளர்க்குப் பணி செய்ய வேண்டும் என்று அவர் விருப்பம் தெரிவித்தபோது குடும்பமே அதிர்ந்தது. அந்நாளில் இங்கிலாந்து மருத்துவமனைகளில் பணி செய்த பெண்களுக்குப் பயிற்சியும் இல்லை, மதிப்பும் இல்லை. ஆண்டுகள் பல போராட்டத்தில் கழிந்தன. தம்மை மணக்க விரும்பிய கவிஞர் ரிச்சர்டு மாங்க்டன் மில்ன்சையும் 1849-இல் அவர் மறுத்துவிட்டார். அதிகாலையில் எழுந்து, மருத்துவமனைகளைப் பற்றிய அறிக்கைகளைத் தனியே படித்துக் குறிப்பெடுத்தார். 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் மூன்று திங்கள் செவிலியப் பயிற்சி பெற்றார்.

திறந்தே நின்ற மணி

1853 ஆகஸ்டில் இலண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான சிறு மருத்துவ இல்லமொன்றின் கண்காணிப்பாளராக அவர் பொறுப்பேற்றார். அங்கு அவர் கேட்டவற்றுள் மூன்றைக் கூறினாலே போதும். எல்லா மாடிகளுக்கும் குழாய் வழியே வெந்நீர் வரவேண்டும் என்றார். உணவை மேலே ஏற்றும் தூக்கி ஒன்று வேண்டும் என்றார். மூன்றாவது கோரிக்கையே நம் கருத்துக்குரியது. நோயாளர்களின் அழைப்பு மணிகள் எல்லாம் அந்தந்த மாடிச் செவிலியின் அறை வாயிலில் ஒலிக்க வேண்டும். மணி ஒலித்ததும் அதனோடு இணைந்த சிறு மூடி திறந்து, செவிலி வந்து பார்க்கும் வரை திறந்தபடியே நிற்க வேண்டும் என்றார்.

இதன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். ஒலி எழுந்த கணத்தில் மறைந்துவிடும். செவிலி வேறோர் அறையில் இருந்தால் யார் அழைத்தார் என்பதே தெரியாது போகும். திறந்து நிற்கும் மூடியோ செய்தியைக் காத்து வைக்கும். செய்தியை அனுப்புதல், அனுப்பியவரை அடையாளம் காட்டுதல், கவனிக்கப்படும் வரை அதை நிலைநிறுத்துதல் என்ற மூன்றும் இன்றைய கண்காணிப்பு முறைகள் அனைத்திற்கும் அடிப்படை. மின்சாரம் இல்லாத வீட்டில், கம்பியும் மூடியும் கொண்டே அதனை அவர் கேட்டுவிட்டார்.

ஸ்குட்டாரியின் குளிர்காலம்

1854-இல் இரஷ்யாவை எதிர்த்துத் துருக்கிக்குத் துணையாக பிரிட்டனும் பிரான்சும் கிரிமியப் போரில் இறங்கின. காயமுற்ற வீரர்கள் கவனிப்பாரின்றி மடியும் செய்தியை 'தி டைம்ஸ்' நாளிதழ் வெளியிட்டதும் இங்கிலாந்து கொதித்தெழுந்தது. போர்த்துறைச் செயலராய் இருந்த சிட்னி ஹெர்பர்ட் தம் நண்பரான அம்மையாரை நாடினார். 38 செவிலியருடன் புறப்பட்ட அம்மையார், 1854 நவம்பர் 4-ஆம் நாள், கான்ஸ்டாண்டிநோபிளுக்கு எதிர்க்கரையில் இருந்த ஸ்குட்டாரி படைமனை மருத்துவமனையை அடைந்தார்.

அங்கு அவர் கண்டது நரகம். வரிசையாக நீட்டினால் நான்கு மைல் வரும் படுக்கைகள், அழுக்குத் துணிகள், எலிகள், அடைபட்ட சாக்கடைகளின் மேலேயே எழும்பி நின்ற கட்டடம். அம்மையார் சமையற்கூடம் அமைத்தார். துணி வெளுக்க ஏற்பாடு செய்தார். தேய்ப்புக் கட்டைகள் வாங்கினார். வீரர்கள் வீட்டிற்கு மடல் எழுதவும் பணம் அனுப்பவும் வழி செய்தார். இரவில் விளக்கேந்தி வலம் வந்ததும் இக்காலத்திலேதான்.

இவ்வளவு செய்தும் சாவு குறைந்ததா? குறையவில்லை, ஏறிற்று! 1855 பிப்ரவரியில் மருத்துவமனைக்கு வந்தவருள் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். கனிவும் கஞ்சியும் தூய படுக்கையும் அவர்களைக் காக்கவில்லை.

மார்ச்சுத் திங்களில் இலண்டனிலிருந்து சுகாதாரக் குழுவொன்று வந்து சேர்ந்தது. மருத்துவர் ஜான் சதர்லாந்தும் பொறியாளர் இராபர்ட் ராலின்சனும் அதில் இருந்தனர். சாக்கடைகளைக் கழுவினர். வண்டி வண்டியாகக் குப்பையையும் செத்த விலங்குகளையும் அகற்றினர். குடிநீர் வரும் கால்வாயில் செத்த குதிரை ஒன்று கிடந்ததைக் கண்டு அப்புறப்படுத்தினர். சுவர்களுக்கு வெள்ளையடித்து, காற்று உட்புக வழிகளைத் திறந்தனர். ஜூன் திங்களுக்குள் சாவு நூற்றுக்கு இரண்டாயிற்று.

அதே ஆண்டில், புகழ்பெற்ற பொறியாளர் புரூனல், தார்டனெல்ஸ் கரையில் ரென்கியோய் என்னுமிடத்தில் மரத்தாலான மருத்துவமனை ஒன்றைத் துண்டு துண்டாகச் செய்து அனுப்பினார். ஒவ்வொரு கூடத்திற்கும் விசிறியால் காற்றைச் செலுத்தும் ஏற்பாடு அதில் இருந்தது. போர் தணிந்த காலத்தில் அங்கு வந்த சுமார் 1,300 பேருள் இறந்தவர் 50 பேர் அளவே.

எண்கள் சொன்ன உண்மை

1856-இல் நாடு திரும்பிய அம்மையாரை நாடே வரவேற்கக் காத்திருந்தது. அவரோ யாருமறியாமல் வீடு சென்றார். மாண்ட வீரர்களை அவரால் மறக்க இயலவில்லை. போரில் உயிரிழந்த பிரிட்டிஷ் வீரர் சுமார் 21,000 பேருள் 16,000 பேருக்கு மேல் நோயால் மாண்டவர். இதற்குக் காரணம் யார்?

வீரர்கள் மிகவும் தளர்ந்த நிலையில் வந்ததாலும், உணவும் உடையும் போதாமையாலுமே மடிந்தனர் என்றுதான் ஸ்குட்டாரியில் இருந்த நாளில் அவர் பெரிதும் நம்பியிருந்தார். புள்ளியியல் அறிஞர் வில்லியம் பாரின் துணையோடு 1857-இல் கணக்குகளை ஆராய்ந்தபோது வேறோர் உண்மை எழுந்து நின்றது. போர்முனையருகே கூடாரங்களில் மருத்துவம் பெற்றவரைவிட, ஸ்குட்டாரியின் பெரிய கட்டடத்திற்கு அனுப்பப்பட்டவரே மிகுதியாக மாண்டிருந்தனர். நெரிசலும், சாக்கடையும், அடைபட்ட காற்றுமே அவர்களைக் கொன்றன. அவர் விளக்கேந்தி நடந்த அதே கூடங்கள்! அவர் அங்கேயே இருந்தார், கண்ணால் கண்டார், மூக்கால் நுகர்ந்தார். ஆயினும் உள்ளிருந்தவருக்கு விளங்காத ஒன்றை, ஈராண்டுக்குப் பின் எண்கள் விளக்கின.

வேறொருவராயின் இதனை மறைத்திருப்பர். தம் புகழுக்கே ஊறு விளைக்கக் கூடிய உண்மை அன்றோ! அம்மையார் அதனை அறிக்கையாக்கினார். எண்களைப் படிக்கச் சலிப்போரும் பார்த்தவுடன் உணருமாறு, வட்டத்தைப் பன்னிரு மாதங்களாகப் பகுத்து வண்ணம் தீட்டிய வரைபடங்களை 1858-இல் வெளியிட்டார். தடுத்திருக்கக் கூடிய நோய்ச் சாவுக்கு நீலம், காயத்தால் நேர்ந்த சாவுக்குச் சிவப்பு, பிறவற்றிற்குக் கறுப்பு. நீலமே வட்டத்தை விழுங்கியிருந்தது. அவ்வாண்டே இலண்டன் புள்ளியியல் கழகத்தின் முதற் பெண் உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப் பெற்றார்.

ஸ்குட்டாரியில் ஒரே சாவை வெவ்வேறு அலுவலர் வெவ்வேறு பதிவேடுகளில் எழுதியதால் கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எனவே எல்லா மருத்துவமனைகளும் ஒரே படிவத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற திட்டத்தை 1860-இல் இலண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் மாநாட்டின் முன் வைத்தார்.

தானே பதியும் கருவி

1859-இல் வெளிவந்த அவருடைய இரு நூல்கள், 'மருத்துவமனைகள் பற்றிய குறிப்புகள்', 'செவிலியம் பற்றிய குறிப்புகள்' என்பன. முதல் நூலில் கட்டடத்தைப் பற்றிக் கூறினார். எதிரெதிர்ச் சுவர்களில் உயர்ந்த சாளரங்கள் அமைய, ஏறத்தாழ முப்பது படுக்கைகள் கொண்ட நீண்ட கூடங்களே நல்லன என்றார். இத்தகைய கூடங்களைக் கொண்டு 1871-இல் தேம்ஸ் ஆற்றங்கரையில் திறக்கப்பட்ட புனித தாமஸ் மருத்துவமனை உலகெங்கும் முன்மாதிரியாயிற்று.

இரண்டாம் நூலில் அறையைப் பற்றிக் கூறினார். நோயாளியைக் குளிரில் வாட்டாமல், அவர் உள்ளிழுக்கும் காற்றை வெளிக்காற்றுப் போலத் தூய்மையாக வைத்திருப்பதே செவிலியின் முதற்கடமை என்றார். அதற்கடுத்த தேவை வெளிச்சம் என்றார். தேவையற்ற ஓசையை நோயாளிக்குச் செய்யும் கொடுமை என்றே கண்டித்தார். காற்று, வெப்பம், ஒளி, ஒலி! இன்றைய உணர்கருவிகள் அளக்கும் நான்கும் அந்நூலின் பொருளடக்கத்திலேயே அமைந்துவிட்டன.

அந்நூலில்தான் நாம் வியக்கத்தக்க அப்பகுதி வருகிறது. மான்செஸ்டரைச் சேர்ந்த வேதியியல் அறிஞர் ஆங்கஸ் ஸ்மித் காற்றின் தூய்மையைச் சோதிக்க ஒரு முறை கண்டிருந்தார். அது எளிமையாக்கப்பட்டால் நோயாளி அறை ஒவ்வொன்றிலும் வைக்கத்தக்கது என்கிறார் அம்மையார். வெப்பமானி இன்றி நோயாளியைக் குளிக்க வைக்கலாகாது என்பது போல, காற்றுமானி இன்றி எந்தக் கூடமும் இருக்கலாகாது என்கிறார். அக்கருவி வெப்பமானி போலச் சிறியதாயும் எளியதாயும் அமைய வேண்டும். இரண்டுமே அளவைத் தாமே பதிந்து வைக்க வேண்டும் என்கிறார்.

ஏன் தானே பதிய வேண்டும்? அவர் தரும் காரணம் ஸ்குட்டாரியில் பிறந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது. கெட்ட காற்றிலேயே இருப்போரின் புலன்கள் மரத்துப் போகின்றன. இரவெல்லாம் அறை எப்படி இருந்தது என்பதை அங்கிருந்த செவிலியே அறியமாட்டார். காலையில் நோயாளியும் செவிலியும் மேற்பார்வையிட வரும் அலுவலரும் ஒருங்கே பார்க்குமாறு கருவி உண்மையைக் காட்டிவிட்டால், அத்தவறு மறுமுறை நிகழாது என்பது அவர் துணிபு.

அவருடைய காலத்து மருத்துவ அறிவுக்கு எல்லை இருந்தது. அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றே நோயைப் பிறப்பிக்கிறது என்று அவர் கருதினார். நுண்ணுயிர்க் கொள்கையை நெடுநாள் ஏற்கத் தயங்கினார். காரணம் பிழையாயினும் அவர் சொன்ன பரிகாரம் பிழைக்கவில்லை. காசநோயும் தட்டம்மையும் கொரோனாவும் மூச்சுக்காற்றின் வழியே பரவுவன என்பதையும், காற்றோட்டம் அவற்றைத் தணிக்கும் என்பதையும் இன்று அறிவோம்.

கட்டிலிலிருந்து இந்தியா வரை

கிரிமியாவில் 1855-இல் பற்றிய காய்ச்சல் அவர் உடலை உருக்குலைத்தது. 1857 முதல் பல்லாண்டுகள் பெரும்பாலும் படுக்கையறையிலேயே வாழ்ந்தார். நோயாளி அறையைப் பற்றி எழுதியவர், நோயாளியாகவே ஓர் அறைக்குள் அடைபட்டார்.

அவ்வறையிலிருந்தே அவர் நம் நாட்டையும் அளந்தார். இந்தியாவிலிருந்த படைகளின் சுகாதாரத்தை ஆராய 1859-இல் அரச ஆணையம் அமைந்தது. அம்மையார் வினாப் படிவங்களை வரைந்தார். அவை இந்தியப் படைநிலையங்களுக்கெல்லாம் சென்றன. குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகின்றனர் என்ற வினாக்களுக்கு விடைகள் கட்டுக் கட்டாக வந்து குவிந்தன. ஆண்டுக்கு ஆயிரவருள் 69 பேர் மாள்கின்றனர் என்ற கொடுமையை 1863-இல் வெளியான அறிக்கை உலகுக்கு உரைத்தது. அதன் பயனாக 1864-இல் சென்னை, கல்கத்தா, பம்பாய் மாகாணங்களில் சுகாதாரக் குழுக்கள் தோன்றின. படைவீரரோடு அவர் கவலை நிற்கவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தின்போது இந்திய உழவர்களுக்காக எழுதினார். சர் ஆர்தர் காட்டனின் பாசனத் திட்டங்களை ஆதரித்தார். இந்திய மண்ணை ஒருமுறையேனும் அவர் மிதித்ததில்லை.

இதற்கிடையே, மக்கள் திரட்டித் தந்த சுமார் 45,000 பவுன் நிதியைக் கொண்டு 1860-இல் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. 1907-இல் 'ஆர்டர் ஆப் மெரிட்' என்னும் உயர் விருதைப் பெற்ற முதற் பெண்மணியானார். 1910 ஆகஸ்ட் 13-ஆம் நாள் தம் 90-ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவர் பிறந்த மே 12-ஆம் நாள் உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப் பெறுகிறது.

இன்றைய கருவியும் அவருடைய வினாக்களும்

அவர் கேட்ட காற்றுமானி இன்று உள்ளங்கையில் அடங்கும். கரியமிலவாயு அகச்சிவப்புக் கதிரின் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை உறிஞ்சும். கருவிக்குள் அக்கதிரைப் பாய்ச்சி, மறுமுனையில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்தால் வாயுவின் அளவு தெரியும். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்க வேறு சிறு சில்லு உண்டு. இவற்றின் அளவுகளை நுண்கட்டுப்பாட்டுச் சில்லொன்று வாங்கி, நேரத்தைக் குறித்து, வைஃபை அல்லது ஜிக்பீ போன்ற வானலை முறையில் அனுப்புகிறது. மின்கலம் நெடுநாள் நிலைக்க, அளக்காத வேளைகளில் கருவி உறங்கிக் கிடக்கும்.

கரியமிலவாயுவை ஏன் அளக்கிறோம்? அது நாம் வெளிவிடும் மூச்சின் அடையாளம். ஓய்வாக உள்ள ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 0.3 லிட்டர், அதாவது நொடிக்கு 0.005 லிட்டர் கரியமிலவாயுவை வெளிவிடுகிறார். அவருக்கு நொடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று வந்தால், அறையின் அளவு வெளியைவிடப் பத்து இலட்சத்தில் 500 பங்கு கூடுதலாக நிற்கும். வெளிக்காற்றில் சுமார் 420 பங்கு; ஆக உள்ளே 920. பொது நோயாளர் கூடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2009-இல் பரிந்துரைத்த அளவு ஒருவருக்கு நொடிக்கு 60 லிட்டர். காற்றுவழித் தொற்று அறைகளுக்கு 160 லிட்டர். 60 லிட்டர் வந்தால் கூடுதல் 83 பங்கு மட்டுமே. எனவே கருவி 1,500 என்று காட்டினால், சாளரங்கள் மூடிக்கிடக்கின்றன அல்லது கூட்டம் மிகுந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கிருமியை அது காட்டாது. கிருமி தங்குதற்கேற்ற தேக்கத்தைக் காட்டும்.

இக்கருவியைச் செய்யும் மாணவர் அம்மையாரின் வாழ்விலிருந்து கற்பன பல. வெவ்வேறு பதிவேடுகள் பொருந்தாது போன கதையை நினைத்தால், எல்லாக் கருவிகளையும் ஓரிடத்தில் வைத்து ஒப்பிட்டுச் சரிசெய்து, ஒரே கடிகாரத்தில் ஓடச் செய்வது கடமை என்பது விளங்கும். சாளரத்தருகே மாட்டிய கருவி வெளிக்காற்றை அளக்கும். தலைமாட்டில் மாட்டியது ஒருவர் மூச்சையே அளக்கும். ஆதலால் இடம் தேர்ந்து மாட்ட வேண்டும். தடித்த சுவரும் இரும்புக் கதவும் வானலையைத் தடுக்கும். அவ்வேளை அளவுகளைக் கருவி தன் நினைவிலேயே சேமித்துப் பின்னர் அனுப்ப வேண்டும். செய்தி வரவில்லை என்றால் வரவில்லை என்றே திரை காட்ட வேண்டும். பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தால், அது அடைபட்ட சாக்கடையின் மேல் வெள்ளையடித்த கதையாகிவிடும்.

மற்றொன்றும் உண்டு. ஓயாமல் எச்சரிக்கை ஒலிக்கும் கருவியைச் செவிலியர் கேளாமலே பழகிவிடுவர். கெட்ட காற்றில் மூக்கு மரத்தது போலக் காது மரத்துப் போகும். ஆகவே உண்மையிலேயே எழுந்து சென்று ஏதேனும் செய்ய வேண்டிய வேளையில் மட்டுமே ஒலிக்க வேண்டும். யார் சென்றார், எப்போது சென்றார் என்பது வரை அக்குறி அணையாது நிற்க வேண்டும். ஹார்லி தெருவின் மூடி திறந்தே நின்றது அதற்காகத்தான்.

அன்பு உடையவர் அனைவரும் அறையை நன்கு பார்த்துக்கொள்வர் என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். அன்பில் எவருக்கும் குறையாத ஒருவர், அன்பு மட்டும் போதாது என்பதை 1855-இன் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களை இழந்து கற்றார். கற்றதை அஞ்சாது உலகுக்குச் சொன்னார். கருவி தானே சாளரத்தைத் திறப்பதில்லை. திறக்க வேண்டிய வேளையைச் சொல்லுவதே அதன் பணி. திறப்பது மனிதக் கை. அக்கைக்கு விளக்கையும் அளவுகோலையும் ஒருங்கே தந்து சென்ற அம்மையாரை, அறிவியல் பயிலும் நாமும் நம்முடையவராகவே கொண்டு போற்றுவோமாக!